ஃபேன் இரைச்சல்: கடைக்குப் போகுமுன் இதைப் பாருங்க!

திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவர்களுக்கு மதிய மீட்டிங் என்றாலே சங்கடம்தான். நாம் பேசுவதைவிட சிபியு ஃபேனின் 'உய்ங்' சத்தம்தான் எதிர்முனையில் அதிகம் கேட்கும். 'ஃபேன் போயிடுச்சு, மாத்திடலாம்' என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்க முடியாது. சித்திரை வெயிலில் அறையே கொதித்தால் அது ஓடி ஓடி இரையத்தான் செய்யும். வேடசந்தூர் பக்கம் நூற்பாலை அருகே வீடு என்றால், தூசியோடு பஞ்சும் சேர்ந்து ஹீட் சிங்க்கை அடைத்துவிடும்.

அதனால் முதல் வைத்தியம், பெயின்ட் பிரஷ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தட்டுங்கள். ஊதும்போது இறக்கை கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் கெடும்.

அடுத்தது விண்டோஸ் பவர் செட்டிங். அதிகபட்ச பிராசஸர் அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான மெஷின்களில் டர்போ வேகம் நின்று சூடு குறையும். வீடியோ எடிட்டிங் மந்தமாகும். எக்செல், மீட்டிங்குக்கு வித்தியாசமே தெரியாது.

சூடு குறைந்த பிறகு பயாஸில் ஃபேன் வேகத்தையும் இறக்கலாம். வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இறக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 'கடகட'ன்னு கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கும். அப்போது புது ஃபேன் வாங்கலாம். கேஸில் இடமிருந்தால் 80 மி.மீ.க்குப் பதில் 120 மி.மீ. கேளுங்கள், மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும்.