பரணில் ஏறிய மட்டை

போன பொங்கல் விழாவில் வழக்கம்போல நம் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஆண்களுக்குக் கிரிக்கெட், கயிறு இழுத்தல். குழந்தைகளுக்கு ஓட்டப் பந்தயம். மகளிருக்கு மியூசிக்கல் சேரும், எலுமிச்சம்பழமும் ஸ்பூனும். நானும் மியூசிக்கல் சேரில் கலந்துகொண்டு மூன்றாவது சுற்றில் வெளியேறினேன். "ஆன்ட்டி, இந்த வயசுல என்னமா ஓடறீங்க!" என்று ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எங்கே ஓடினேன்? உட்காருவதற்கு இடம் தேடி நாற்காலியைச் சுற்றி வந்தேன், அவ்வளவுதான்.

இதைச் சிரித்துக்கொண்டே நம் ஆசிரியரிடம் சொன்னபோது, "அதையே எழுதிக் கொடுங்களேன்" என்றார். அதனால் வந்த வினை இந்தக் கட்டுரை.

எனக்கு இப்போது 74 வயது. இதுவரை ஒன்பது விளையாட்டு ஆடியிருக்கிறேன். எதிலும் பெரிய பதக்கம் கிடையாது. பேப்பரில் பெயர் வந்ததும் கிடையாது. ஆனால் ஆடாமல் இருந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு முதல் விளையாட்டு ரிங்தான். ரப்பர் வளையம் ஒன்று, நடுவில் ஒரு வலை. வந்த வளையத்தை ஒரே கையால் பிடித்து, நிறுத்தாமல் எறிய வேண்டும். எறியும்போது வளையம் தள்ளாடினால் தப்பு. தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு மணி அடிக்கும்வரை ஆடுவோம். பிறகு த்ரோபால், கோகோ. ஒன்பதாம் வகுப்பில்தான் பூப்பந்து கைக்கு வந்தது.

பூப்பந்து எங்கள் ஊர் விளையாட்டு. தஞ்சை அரச குடும்பத்தார் விரும்பி ஆடியது என்று சொல்வார்கள். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், அந்த நாளில் 29 புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம். மரமட்டை நல்ல கனம். கொஞ்சம் காற்று அடித்தால் போதும், பந்து தன் இஷ்டத்துக்குப் போகும். அதைக் கணித்து ஆடுவதில்தான் சுவாரசியமே.

1968-ல் பி.யு.சி. படிக்கும்போது மாவட்டக் குழுவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலப் போட்டி மதுரையில். இரண்டு ராத்திரி தங்க வேண்டும். அப்பா கோபப்படவில்லை, அதட்டவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "ஆடினது போதும்மா" என்றார். மறுநாள் காலையில் மட்டை சுவரில் இல்லை. பரணில் ஏறிவிட்டது. ஏன் என்று நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்கும் பழக்கமும் இல்லை.

1971-ல் கல்யாணம். கணவருக்கு ரயில்வேயில் வேலை, கரக்பூரில் குவார்ட்டர்ஸ். சாயங்காலம் காய்கறி வாங்கப் போகும் வழியில் ரயில்வே இன்ஸ்டிடியூட். அங்கே ஆங்கிலோ இந்தியப் பெண்கள் ஷட்டில் ஆடுவார்கள். இரண்டு மாதம் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு நாள் அவர்களில் வயதான ஒரு அம்மாள் மட்டையை நீட்டிக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "போயேன். அரிசி ஊற நேரம் இருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் செய்த எத்தனையோ குற்றங்களை மன்னித்திருக்கிறேன்.

முதல் நாள் நான் அடித்த பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போயிற்று. கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம் இருக்கும். இறகுப் பந்தோ ஐந்து கிராம்தான். தோளால் அடித்துப் பழகிய கை, மணிக்கட்டால் அடிக்கக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று.

மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் தானே கிளம்பி வந்து ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது கேட்டார்: "அந்தக் கோட்டுக்கு அப்பால விழுந்தா அவுட்டுதானே? அப்புறம் ஏன் அவளுக்குப் பாயிண்ட் குடுத்தீங்க?" அதன் பிறகு எங்கள் வீட்டில் எதிர்ப்புக் குரல் எழவில்லை.

கரக்பூரில் லெஸ்லி கிளாடியஸ் கதையை எல்லோரும் சொல்வார்கள். பிலாஸ்பூரில் பிறந்து, கரக்பூருக்குக் கால்பந்து ஆட வந்தவர், தற்செயலாக ஹாக்கி மட்டையைத் தொட்டார். 1948, 1952, 1956 ஒலிம்பிக்குகளில் தங்கமும் 1960-ல் வெள்ளியும் பெற்ற அணிகளில் இருந்தார். ஒரு விளையாட்டு இன்னொன்றுக்கு வழிவிடும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. என் கதை அவ்வளவு பெரியதல்ல. கணவருக்கு மாற்றல் வந்தால் எனக்கு விளையாட்டும் மாற்றல், அவ்வளவுதான். அந்தந்த ஊரில் பெண்கள் எதை ஆடினார்களோ, அதை ஆடினேன்.

1978-ல் சக்ரதர்பூர். அந்த வட்டாரத்து ஆதிவாசிப் பெண்கள் வளைந்த மூங்கிலை வெட்டி மட்டையாக்கி ஹாக்கி ஆடுவார்கள். செருப்புகூடக் கிடையாது. ஷூ போட்டுக்கொண்டு சேலையில் இறங்கிய என்னை முதலில் வேடிக்கையாகப் பார்த்தார்கள். பிறகு பந்தைக் கொடுத்தார்கள். கணுக்காலில் வாங்கிய அடியின் தழும்பு இன்னும் இருக்கிறது. பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1980-ல், மாஸ்கோவில். நம் அணி நான்காவது இடம் பெற்றது. பல வருஷம் கழித்து, பக்கத்துக் குந்தி மாவட்டத்திலிருந்து நிக்கி பிரதான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். ஜார்க்கண்டிலிருந்து ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போன முதல் பெண் அவர்தான். அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதேன். பேரைக்கூடச் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்த மூங்கில் மட்டைப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த மைதானத்தில்தான் என் மகளும் ஹாக்கி கற்றாள். ஐந்து வயதில் என் பின்னால் ஓடி வந்தவள், பன்னிரண்டு வயதில் என்னைத் தாண்டி ஓடினாள்.

இனிச் சொல்லப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1988-ல் நாங்கள் பிலாஸ்பூரில் இருந்தோம். அவளுக்கு 15 வயது. பள்ளிகளுக்கான மாநில அணியின் பயிற்சி முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். போபாலில் மூன்று வாரம். அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னேன்: "ஆடினது போதும். படிக்கிற வழியைப் பாரு." அன்று ராத்திரி அவளுடைய ஹாக்கி மட்டையைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்ததும் நான்தான். யாரும் சொல்லி அல்ல. கணவர்கூட "அனுப்பலாமே" என்றுதான் சொன்னார். பள்ளித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். மட்டையைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

1990-ல் நாக்பூர் வந்தோம். 1994-ல் தஞ்சாவூர் வீட்டை விற்பதற்காகக் காலி செய்யப் போனோம். பித்தளைப் பாத்திரங்களை இறக்கும்போது பரணிலிருந்து என் பூப்பந்து மட்டையும் வந்தது. நரம்பெல்லாம் எலி கடித்துப் போய், சட்டம் மட்டும் மிச்சம். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் அதை வாங்கித் தூசி தட்டினாள். "பாட்டி வீட்டுப் பரணும் நம்ம வீட்டுப் பரணும் ஒரே மாதிரிதான் இருக்கும்மா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவையாவது அந்தக் காலத்து மனிதர் என்று சொல்லிவிடலாம். எனக்கு என்ன சாக்கு? நான் ஆடியதெல்லாம் பொழுதுபோக்கு, அவளுக்கு வாழ்க்கை முக்கியம் என்று நினைத்தேனோ என்னவோ. மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்றாள். 21 வயதில், விட்ட இடத்திலிருந்து மாநில அணிக்குத் திரும்ப முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாக்பூரின் 45 டிகிரி வெயிலில் தப்பிக்க 42 வயதில் நீச்சல் கற்றேன். முதல் மாதம் சுவரை விடவே இல்லை. ஐம்பதில் டேபிள் டென்னிஸ். அறுபதில் முழங்கால் மக்கர் செய்ததும் கேரம். சண்டிகரைச் சேர்ந்த மன் கௌர் அம்மையார் 93 வயதில் ஓடத் தொடங்கி, 101 வயதில், 2017-ல் ஆக்லாந்து உலக மாஸ்டர்ஸ் போட்டியில் 100 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். அவரை நினைத்தால் நான் இன்னும் சின்னப் பெண்தான்.

மகள் இப்போது புணேயில் இருக்கிறாள். பேத்திக்குக் கோகோ. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோகோ உலகக் கோப்பையில் நம் பெண்கள் நேபாளத்தை 78-40 என்று வென்றதை மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். பேத்தியும் பத்தாம் வகுப்பில் இருந்தபோது போட்டிக்கு வெளியூர் போனாள். காலை ஐந்தரை மணிப் பயிற்சிக்கு மகள்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டாள். தேர்வில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இரவு, நம் சங்கத்து ஆண்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். ரொம்பச் சந்தோஷம். அதே ஆண்கள்தான் இரண்டு மாதம் கழித்து நம் கையில் ஸ்பூனையும் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தார்கள்! அவர்களை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். வேறு விளையாட்டு வேண்டும் என்று நாமும் கேட்கவில்லையே.

இப்போது கேட்கிறேன். அடுத்த பொங்கலுக்கு ஒரு ரிங்கும் ஒரு வலையும் போதும். கோடு போடக் கோலமாவு நான் கொண்டு வருகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது மட்டை கிடந்தால், அது உங்களுடையதோ உங்கள் மகளுடையதோ, இறக்கித் தூசி தட்டி எடுத்து வாருங்கள்.