இளையோரின் உணவுப் பழக்கம்: அறிவுரைக்கு அப்பால்

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். ஒரு காலத்தில் நடுத்தர வயதினருக்குரியவை எனக் கருதப்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு, கொழுப்புக் கல்லீரல் ஆகியவை இன்று பள்ளி, கல்லூரி மாணவரிடமும் கண்டறியப்படுகின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து வரும் பெற்றோர் பலரும் எம்மிடம் கூறுவது, “எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, டாக்டர்” என்பதே. அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு நடத்தை அறிவியல் தெளிவான விளக்கங்களைத் தருகிறது.

உண்ணும் முடிவு எப்படி உருவாகிறது?

உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991-இல் விளக்கிய கோட்பாட்டின்படி, ஒரு செயலைச் செய்யும் எண்ணம் மூன்றைச் சார்ந்தது: அச்செயலைப் பற்றிய நம் கருத்து, நமக்கு வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு, அது நம்மால் இயலும் என்ற எண்ணம். டியூஷன் முடிந்து மாலையில் வெளியே வரும் பதினைந்து வயது மாணவனை எண்ணிப் பாருங்கள். எண்ணெய்ப் பண்டம் கெடுதல் என்பதை அவன் அறிவான். ஆனால் நண்பர்கள் அனைவரும் ஃபிரைடு ரைஸ் வண்டியருகே நிற்கிறார்கள். தொழிற்பேட்டையில் பணிபுரியும் பெற்றோர் வீடு திரும்ப இரவாகும். வீட்டில் உண்பதற்கு ஏதுமில்லை. மூன்றில் முதலாவதை மட்டுமே நம் அறிவுரை தொடுகிறது. மற்ற இரண்டும் மாறாதவரை அவன் கால்கள் வண்டியை நோக்கியே செல்லும்.

பார்த்துக் கற்றலும் தன்னம்பிக்கையும்

பிறரைப் பார்த்தே மனிதர் பெரிதும் கற்கின்றனர் என்றவர் ஆல்பர்ட் பண்டூரா. தந்தை கோலா அருந்திக்கொண்டே மகளிடம் மோர் குடிக்கச் சொன்னால், அவள் கற்பது கோலாவைத்தான். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையே மாற்றத்தின் அடிப்படை என்றும் 1977-இல் அவர் எடுத்துரைத்தார். அந்நம்பிக்கை சிறு வெற்றிகளால் வளர்கிறது. “குண்டு” என்ற கேலியால் தேய்கிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாமல், ஒரு பழக்கத்தை மட்டும் முதலில் தேர்ந்தெடுங்கள். 300 மி.லி. கோலாவில் ஏறத்தாழ 30 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி சர்க்கரை உள்ளது. இனிப்புப் பானத்தில் தொடங்குவதே நல்ல முதற்படி.

எந்நிலையில் இருக்கிறார்?

மாற்றம் படிப்படியாக நிகழ்கிறது என்பதைப் புகைப்பழக்கத்தை விட முயன்றவர்களை ஆராய்ந்து புரோசாஸ்காவும் டிகிளெமென்டியும் 1983-இல் காட்டினர். மாற்றத்தைப் பற்றி எண்ணாதவரிடம் உணவு அட்டவணையை நீட்டுவதில் பயனில்லை. “விளையாடும்போது மூச்சு வாங்குகிறதா?” என அவருடைய அக்கறையிலிருந்து உரையாடலைத் தொடங்குங்கள். முயலத் தயாராக இருப்பவருக்குத் திட்டம் தேவை. மீண்டும் பழைய பழக்கத்துக்குத் திரும்பியவருக்குக் கண்டனம் உதவாது. எந்தச் சூழலில் தவறியது என்று கேட்பது உதவும்.

‘இப்படி நேர்ந்தால், இதைச் செய்வேன்’

“இனி நன்றாகச் சாப்பிடுவேன்” என்ற பொதுவான உறுதி விரைவில் மறக்கப்படும். பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறையில், இடமும் நேரமும் செயலும் முன்கூட்டியே இணைக்கப்படுகின்றன: “டியூஷன் முடிந்தவுடன், வண்டியருகே செல்லுமுன் பையிலுள்ள சுண்டலைச் சாப்பிடுவேன்.” இவ்வாக்கியத்தை இளையவரே தம் சொற்களில் எழுத வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அது மற்றோர் அறிவுரையாகிவிடும்.

சூழலை மாற்றுதல்

மன உறுதியை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்பதை 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடை செய்கிறது. பெற்றோர் இதைப் பள்ளி நிர்வாகத்திடம் சுட்டிக்காட்டலாம். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளி மாணவருக்கானது. உயர்நிலை வகுப்பு மாணவரின் காலை உணவு வீட்டையே சார்ந்துள்ளது. அதைத் தவிர்த்துச் செல்பவர் முற்பகல் இடைவேளையில் சிப்ஸ் பொட்டலத்தை நாடுவது இயல்பே.

இவ்வாரமே செய்யக்கூடியவை:

• வேகவைத்த சுண்டல், வறுத்த வேர்க்கடலை, கொய்யா, வாழைப்பழம் ஆகியவற்றைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நொறுக்குத்தீனியை வாங்கிச் சேமிக்காதீர்கள்.
• வாரத்தில் ஒரு நாள் சமையலை இளையவரே முடிவு செய்யட்டும்.
• ஒரு வேளையாவது தொலைக்காட்சியும் கைப்பேசியும் இன்றிக் குடும்பமாக உண்ணுங்கள்.
• நண்பர்களுடன் வெளியே உண்பதை அடியோடு தடுக்காதீர்கள். எத்தனை நாள் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்துத் தடித்திருந்தால் அதை அழுக்கெனத் தேய்க்க வேண்டாம். இன்சுலின் சரிவரச் செயல்படாததன் அறிகுறியாக அது இருக்கலாம். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை தோன்றினால் தாமதிக்காமல் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். மாதவிடாய் ஒழுங்கின்மைக்கும் ஆலோசனை பெறுங்கள். எடைக்கு அஞ்சி வேளைதோறும் உணவைத் தவிர்ப்பதும், உண்டபின் வலிந்து வாந்தி எடுப்பதும் உடனடிக் கவனம் தேவைப்படுபவை. ஆலோசனைக்கு வரும்போது பிள்ளையையும் பேச விடுங்கள். மாற வேண்டியவர் அவரே. திட்டமும் அவருடையதாக இருக்கட்டும்.