அம்மாவின் பயம் மகளுக்கு எப்படி வருது?

ஒரு அம்மா தன் குழந்தையையே கொல்கிறாள். அதுவும் பாசத்தால. டோனி மாரிசன் 1987-ல எழுதின 'பிலவட்' நாவலோட மையம் இதுதான்.

இதுக்குப் பின்னாடி நிஜ சம்பவம் ஒண்ணு இருக்கு. 1856-ல மார்கரெட் கார்னர் என்ற கறுப்பின அடிமைப் பெண், கென்டக்கியிலிருந்து ஒஹாயோவுக்குக் குடும்பத்தோடு தப்பி வந்தார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், தன் இரண்டு வயது மகளைக் கொன்றுவிட்டார். ஏன்? அம்மா அடிமைன்னா பிள்ளையும் அடிமைன்னு 1662-லேயே வர்ஜீனியா சட்டம் போட்டிருந்தது. மற்ற அடிமை மாநிலங்களிலும் அதே விதிதான். அதாவது, ஒரு தாய் மகளுக்குக் கொடுக்கும் முதல் சொத்தே அடிமைத்தனம்.

நாவலில் இது மூணு தலைமுறையா இறங்குது. சேத்தாவின் அம்மா தன் உடம்பில் சூடு வைத்த அடையாளத்தைக் காட்டுகிறாள். எனக்கும் அதே மாதிரி வேணும்னு சின்னப் பொண்ணு சேத்தா கேட்டதும் பளார்னு ஒரு அறை. ஏன் அடிச்சான்னு அப்போ சேத்தாவுக்குப் புரியல. வளர்ந்து, தானும் ஒரு அம்மாவாகி, மகளைக் கொன்ற பிறகு அவளும் வாய் திறந்து எதையும் முழுசா சொல்றதில்ல. மிச்சமிருக்கும் மகள் டென்வர் அம்மாமேல உயிரையே வச்சிருக்கா. அதே அம்மாவைப் பார்த்துப் பயப்படவும் செய்றா. வருஷக்கணக்கா வாசலைத் தாண்டல.

கவனிங்க, பயம் இங்கே அறையா, மௌனமா, அடைஞ்சு கிடக்கும் வீடா கைமாறுது.

கடைசியில் வீட்டில் சாப்பாடே இல்லாதபோதுதான் டென்வர் வெளியே போய் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் உதவி கேட்கிறாள். அம்மாவைக் காப்பாத்தத்தான் அந்தப் படி இறங்கினா. சங்கிலி முதல்ல தளர்ந்ததும் அங்கேதான்.