நடுப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

என் சித்தி ஐம்பது வருடமாக நாவல் படிப்பவர். லக்ஷ்மி, சிவசங்கரி, ராஜம் கிருஷ்ணன், பாலகுமாரன் என்று வாடகை நூலகம் தந்ததையெல்லாம் படித்து முடித்தவர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, புத்தகக் காட்சியில் நான் வாங்கிய பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் கட்டுரையா இருக்கேப்பா. ஏதும் பரீட்சை எழுதப் போறியா?” என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டுரை என்றதும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளிக்கூடத்தில் எழுதியதுதான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. கடைகளிலும் வாஸ்து, சுயமுன்னேற்றம், சர்க்கரை நோய்க்குச் சமையல் எல்லாம் இருக்கிற அடுக்கிலேயே இவற்றையும் செருகிவிடுகிறார்கள். ஆனால் நாவலின் ருசி தெரிந்தவர்களுக்குத்தான் நல்ல கட்டுரைப் புத்தகம் முழுதாகப் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். மனிதர்களையும் ஊர்களையும் பேச்சையும் தேடிப் படிப்பவர்கள் அவர்கள். ஒரே ஒரு யோசனை சொல்வேன்: முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள்.

சித்திக்கு முதலில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ கொடுத்தேன். தலையணை கனத்தைப் பார்த்துத் தயங்கினார். சேலம் ராமசாமி முதலியார் வரும் இடத்தில் விரலை வைத்துக் கொடுத்தேன். 1880. உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த முன்சீப் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். அவர் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. அந்த ஒரு கேள்விதான் பிறகு எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. சிந்தாமணியின் பொருள் விளங்காமல் உ.வே.சா. கும்பகோணத்து ஜைனர் வீடுகளைத் தேடிப் போகிறார். ஒருநாள் போனால் வாசலில் கோலம், தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், மாதக்கணக்காக அந்த வீட்டில் நடந்துவந்த சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவாகிறது! தமிழ்ப் புலவர்கள் பெரிதும் கவனிக்காத ஒரு காவியம் அடுத்த தெருவில் பண்டிகையாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. 1887இல் அது உ.வே.சா.வின் பதிப்பாக அச்சானது. 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்தச் சுயசரிதை, 1942இல் அவர் மறைந்ததால் பாதியிலேயே நிற்கிறது. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது மனசு கனத்துவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. மதுரைத் திட்டத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகவே படிக்கலாம்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த புத்தகம். ஏ.கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. 1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் இருபத்தைந்து வயதுத் தமிழர் ஒருவர். அன்று காந்தியின் பிறந்தநாள். காந்தியைப் பற்றி ஒரு முழுநீளப் படம் எடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. புதிதாகப் படம் பிடிப்பதோடு முடிகிற வேலையில்லை அது. அதற்கு முன்பு யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ எடுத்துவைத்த துண்டுப் படச்சுருள்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்குப் போனார், ஐரோப்பாவுக்குப் போனார், சுமார் 50,000 அடிப் படச்சுருள் சேர்த்தார். 1940இல், யுத்த காலத்தில், பிரிட்டிஷ் ஆட்சி நடக்கும்போதே படம் வெளிவந்தது. அந்தத் தேடலைப் பிற்காலத்தில் தாம் நடத்திய ‘குமரி மலர்’ இதழில் எழுதினார். ஆ.இரா.வேங்கடாசலபதி அதைப் பதிப்பித்துத் தந்திருக்கிறார்.

இத்தனை அலைச்சலை எழுதுகிற செட்டியார் தம்மைப் பற்றிப் பேசுவதே அபூர்வம். சந்தித்த மனிதர்கள்தான் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். வாக்கியங்கள் சின்னச் சின்னவை, அலங்காரம் கிடையாது. பயணக் கட்டுரை எழுத ஆசைப்படும் இளைஞர்கள் யார் என்னிடம் வந்தாலும் இந்தப் புத்தகத்தைத்தான் முதலில் கையில் திணிக்கிறேன்.

சமையல்கட்டில் நின்றபடியே படிக்க ஒன்று வேண்டுமென்றால் தொ.பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’. உப்பு, எண்ணெய், உரல், உலக்கை என்று வீட்டுக்குள் கிடக்கும் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறார். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாவற்றின் வாலிலும் ஒட்டிக்கொண்டிருப்பது உப்புதான், உப்பு என்றாலே முதலில் சுவை என்றுதான் பொருள் என்று அவர் காட்டும் இடத்தைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். ரசத்துக்கு உப்புப் போடப் போன கை அப்படியே நின்றது. “உவர்ப்புகூடவா?” என்றார். அதுவும்தான். சொல்லாராய்ச்சியாளர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு உப்பு டப்பாவைச் சாதாரணமாகத் திறக்க முடிவதில்லை. இரண்டு மூன்று பக்கக் கட்டுரைகள்தான். எதை வேண்டுமானாலும் முதலில் படிக்கலாம்.

காப்பிப் பிரியர்களுக்கு வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. காலங்காலமாக நீராகாரம் குடித்த வீடுகளில் காப்பி எப்படி நுழைந்தது, யார் திட்டினார்கள், காப்பி எப்படி ஒரு கூட்டத்தாரின் கௌரவமாகி, டீ உழைப்பவர்களின் பானமானது என்று சொல்லும் தலைப்புக் கட்டுரை ஒன்றுக்காகவே வாங்கலாம்.

காட்டுயிர் பக்கம் போக மா.கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. ஆங்கிலத்தில் 1950இலிருந்து 1996இல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் பத்தி எழுதிய இந்த மனிதர், நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். தமிழிலும் எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஆறு பிடித்தவர்கள் சிட்டியும் தி.ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’யை எடுக்கலாம். கி.ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகராதியைப் போய் யார் படிப்பார்கள் என்று கேட்பவர்கள் அதில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும், போதும்.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் கடைசியில் பெயரடைவு இருப்பதில்லை. ஓர் ஊரையோ ஆளையோ திரும்பத் தேடினால் முந்நூறு பக்கத்தையும் புரட்ட வேண்டியிருக்கிறது. பதிப்பகங்கள் இதற்குக் கொஞ்சம் செலவு செய்தால் வாசகர்கள் நன்றியோடு இருப்போம்.

கடைசியாகச் சித்திக்கு அனுப்பியது வெ.சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. பத்திரிகையாளராக அங்கே இருந்த சர்மா, 1942இல் மனைவியோடு கிளம்பி, காடும் மலையும் கடந்து இந்தியா வந்து சேர்ந்தார். அதே போல லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. சர்மா எங்கும் குரலை உயர்த்துவதில்லை.

ஒரு வாரம் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தியிடமிருந்து போன். “எங்க தாத்தாவும் பர்மாவுலேருந்து நடந்துதான்பா வந்தாக. எந்த வழியா வந்தாகன்னு ஒரு நாளும் வாயத் திறந்து சொன்னதில்ல.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “அந்த ஊரெல்லாம் காட்டுற மாதிரி ஒரு மேப்பு கிடைக்குமா?”