ஊதியமில்லா உழைப்பின் விலை

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரக் கிராமங்களில் அசனப் பண்டிகை நாளன்று ஆலய வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சோறு வேகும். காய் நறுக்குவோர், பந்தி பரிமாறுவோர், இலை எடுப்போர் என எவருக்கும் கூலி இல்லை. அந்த ஒரு நாள் உழைப்பை ஒழுங்குபடுத்துவது எளிது. ஆண்டின் 52 ஞாயிற்றுக்கிழமைகளிலும் தொடர வேண்டிய தன்னார்வப் பணியைத் தாங்கிப் பிடிப்பதே கடினம்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், மறைக்கல்வி கற்பிப்போர், பாடற்குழுவினர், நோயாளிகளைச் சந்திப்போர், கணக்கு எழுதுவோர் ஆகியோர் இன்றி எந்தத் திருச்சபையும் இயங்குவது அரிது. ஆனால், இவர்களின் உழைப்பு எந்த வரவு-செலவுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. விலையில்லாத பொருள் அளவுக்கு மீறி நுகரப்படும் என்பது பொருளியலின் பால பாடம். பொது மேய்ச்சல் நிலத்துக்கு நேரும் கதி, கேட்டவுடன் மறுக்கத் தெரியாத தன்னார்வலருக்கும் நேர்கிறது.

இச்சிக்கல் புதிதன்று. காலை முதல் மாலை வரை மக்களின் வழக்குகளைத் தனியொருவராக விசாரித்த மோசேயிடம், இப்படியே தொடர்ந்தால் நீரும் சோர்ந்து போவீர், மக்களும் சோர்ந்து போவார்கள் என்று மாமனார் எத்திரோ எச்சரித்ததை யாத்திராகமம் கூறுகிறது. ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என நியமிக்க அவர் வழி சொன்னார். அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாக ஆதித் திருச்சபையில் ஒரு சாரார் முறையிட்டபோது, அதற்கென்றே ஏழு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இரு நிகழ்வுகளிலும் தீர்வு ஒன்றே: பணியைப் பிரி, பொறுப்பைத் தெளிவாக்கு.

1833-இல் பாரிஸ் நகரில் 20 வயது மாணவரான பிரெடரிக் ஓசானாம் நண்பர்களுடன் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர், ஏழைகளின் இல்லங்களுக்கு இருவர் இருவராகச் செல்வதை வழக்கமாக்கிக் கொண்டனர். புதியவர் மூத்தவரிடமிருந்து கற்கிறார். கண்ட துயரத்தைத் தனியே சுமக்க வேண்டிய நிலை எவருக்கும் இல்லை.

சரி, பணம் கொடுத்தால் சிக்கல் தீருமா? இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வந்த பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தனர். தாமதம் கூடியது, அபராதத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வு உணர்த்துவது, கடமையுணர்வுக்கு விலை குறித்தால் அது வணிகமாகிவிடும் என்பதே. அதற்காகத் தன்னார்வலர் கைப்பணத்தையும் இழக்க வேண்டியதில்லை. பேருந்துக் கட்டணத்தையும் பாடப்பொருள் செலவையும் திருச்சபை ஏற்காவிட்டால், வசதி படைத்தோர் மட்டுமே தொண்டாற்ற முடியும்.

எனக்கு அறிமுகமான அம்மையார் ஒருவர் ஓய்வுநாள் பள்ளியில் 19 ஆண்டுகள் கற்பித்தவர். கணவர் நோயுற்றதால் சில வாரங்கள் அவரால் செல்ல இயலவில்லை. வீடு தேடி வந்தவர்கள் வருகைப் பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும் பெற்றுச் சென்றனர். 'சாவியைக் கேட்டார்கள் ஐயா. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை' என்றார். அதன்பின் அவர் கற்பிக்கச் செல்லவில்லை.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நான் இருந்தபோது கற்ற பாடம் ஒன்றுண்டு. அத்திட்டத்தில் மாணவரின் பணிக்காலம் இரண்டு ஆண்டுகள், 240 மணி நேரம். முடிவு தெரிந்த பணியை மனிதர்கள் மனமுவந்து ஏற்கின்றனர். திருச்சபைப் பணிகளுக்கோ பெரும்பாலும் கால வரையறை இல்லை. நோயோ மனக்கசப்போ வந்தால்தான் விடுதலை என்னும் நிலை தொண்டுக்கு அழகன்று.

பரிவுடன் கண்டிப்பும் தேவை. சிறாருடன் பழகும் பணிக்கு 'நம்மவர்தானே' என்னும் நம்பிக்கை மட்டும் போதாது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் குறித்து அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம். விசாரித்து நியமிப்பதும், பயிற்சி அளிப்பதும், எவரையும் சிறாருடன் தனித்து விடாதிருப்பதும் குழந்தைகளைக் காக்கும். நேர்மையான தொண்டரை வீண்பழியிலிருந்தும் காக்கும்.

கோயில் உழவாரப் பணிக்கும், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிப் பணிக்கும் இவை பெரிதும் பொருந்தும். ஆண்டுக் கூட்டத்தில் காணிக்கைக் கணக்கு வாசிக்கப்படுகிறது. அவ்வாண்டில் எத்தனை தொண்டர்கள் விலகினர், ஏன் விலகினர் என்னும் கணக்கும் அதனுடன் வாசிக்கப்படட்டும்.