காய்ச்சல் விட்டது, நெஞ்சு தப்பியதா?

“காய்ச்சல் விட்டுவிட்டது, காலையில் வேலைக்குப் போகவேண்டியதுதான்!”

குமாரலிங்கபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் சிற்றூர்களிலும், அருப்புக்கோட்டைத் தறிக்கூடங்களிலும், திருச்சுழிப் பக்கத்துக் கரிமூட்டங்களிலும் இந்தச் சொல்லை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு வீரச் சொல்லாகத் தோன்றும். ஆனால் பேசுவது வீரமன்று, வறுமை! நான்கு நாள் பாயில் கிடந்தவன், ஐந்தாம் நாள் காலையில் எழுந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான் என்றால், உடம்பு தேறிவிட்டது என்பது பொருளன்று. அடுப்பு அணைந்துவிட்டது என்பதே பொருள்.

அந்தக் காலை நேரத்துப் பயணம் சிலருக்குக் கடைசிப் பயணமாகவும் முடிந்துவிடக்கூடும் என்பதனைத் தோழர்களிடம் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

இதயம் என்பது ஒரு தசை. நம் கையிலும் காலிலும் உள்ளவை போன்ற தசைதான். ஆனால் கைக்கு ஓய்வு உண்டு, காலுக்கு ஓய்வு உண்டு, இதற்கு மட்டும் ஓய்வே இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடித்தாகவேண்டும். சாதாரணச் சளிக்காய்ச்சல், ஃப்ளூ, கொரோனா, டெங்கு, சிக்குன்குனியா போன்ற காய்ச்சல்களை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் சிலருக்கு இந்தத் தசையையும் தாக்கிவிடுகின்றன. கிருமியை விரட்ட உடம்பின் காவற்படை புறப்படுகிறது. சண்டை நடக்கும் இடமோ இதயம்! கிருமியும் கேடு செய்கிறது; காவற்படையின் சீற்றமும் கேடு செய்கிறது. தசை வீங்குகிறது, வலுவிழக்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் இதயத்தசை அழற்சி என்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் காக்சாக்கி என்று ஒரு சிற்றூர். அவ்வூர்ப் பெயரையே சூட்டி ஒரு வைரஸ் கூட்டத்தை அறிவியலாளர் அறிவித்தனர். இதயத்தைத் தாக்கும் கிருமிகளில் பெயர்போனது அந்தக் கூட்டம். கிருமிக்குச் சீமை என்றும் சிற்றூர் என்றும் வேறுபாடு இல்லை. சாதி இல்லை, சமயம் இல்லை. ஆனால் கிருமி வந்துபோன பிறகு யார் பிழைக்கிறார், யார் வீழ்கிறார் என்பதில் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை உண்டாக்கியவை கிருமிகள் அல்ல, மனிதர்கள்!

“மழையே பெய்யாத எங்கள் கந்தக பூமியில் கொசுக் காய்ச்சல் எங்கே வரப்போகிறது?” என்று கேட்போர் உண்டு. வருகிறது, தோழர்களே! மழை இல்லாததாலேயே வருகிறது. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத ஊரில் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? குடத்திலும் தொட்டியிலும் பிளாஸ்டிக் டிரம்மிலும் பிடித்து வைக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. மூடாமல் வைத்த அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 23,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பிடித்தது. 65 உயிர்களைக் குடித்தது என்கிறது அரசின் கணக்கு. தண்ணீர்ப் பஞ்சம் தொண்டையை மட்டுமா வாட்டுகிறது? காய்ச்சலாக மாறி நெஞ்சையும் தொடுகிறது.

காய்ச்சல் கண்டவர்க்கெல்லாம் இதயம் பழுதாகும் என்று நாம் அச்சுறுத்தவில்லை. மிகச் சிலருக்கே அது நேர்கிறது. நேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் முழு நலம் பெறுகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையின் பெயர் ஓய்வு. அழற்சி கண்ட இதயத்தோடு மூட்டை சுமந்தால், மண் வெட்டினால், இரவு முறை பார்த்தால், துடிப்பு தாறுமாறாகி ஆள் நின்ற இடத்திலேயே விழலாம். சிலருக்கு இதயம் பெருத்து, தளர்ந்து, வாழ்நாள் நோயாளி என்ற நிலையும் வரலாம்.

அடையாளம் என்ன? காய்ச்சல் நின்ற சில நாட்களிலோ, ஒன்றிரண்டு வாரங்களிலோ நெஞ்சு வலி, படியேறினால் மூச்சு வாங்குதல், மல்லாந்து படுத்தால் திணறல், காரணமின்றிப் படபடப்பு, கால் வீக்கம், தலைசுற்றல், மயக்கம். இவற்றுள் ஒன்று கண்டாலும் நாள் கடத்தக்கூடாது.

நாம் என்ன செய்கிறோம்? “வாய்வுப் பிடிப்பு” என்று சொல்லிச் சோடாவும் ஓமத் தண்ணீரும் குடிக்கிறோம். “காத்துக் கருப்பு அடித்திருக்கும்” என்று வேப்பிலை அடிக்கிறோம். அல்லது மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறோம். வேப்பிலைக்கு ஈ.சி.ஜி. எடுக்கத் தெரியாது. வலி மாத்திரை வலியை மறைக்கும், நோயை மறைக்காது. இந்த நோயில் அத்தகைய மாத்திரைகள் சில கெடுதலும் செய்யும். ஈ.சி.ஜி., இரத்தத்தில் ட்ரோபோனின் சோதனை, எக்கோ ஆகிய மூன்றும்தான் முதலில் உண்மை பேசும். 108க்குச் சொன்னால் வண்டி வரும். விருதுநகரில் 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மந்திரிப்பவர் வீட்டுக்கும் வழி தெரிந்த நமக்கு, மருத்துவமனைக்கு வழி தெரியாமல் போகலாமா?

மூடநம்பிக்கை பழைய உடுப்பில் மட்டும் வருவதில்லை. இப்போது கைப்பேசியிலும் வருகிறது. “கொரோனா தடுப்பூசி போட்டதால்தான் இளைஞர்கள் மாரடைத்துச் சாகிறார்கள்” என்று ஊரெங்கும் பரப்பினார்கள். சிலவகைத் தடுப்பூசிகளால், குறிப்பாக எம்.ஆர்.என்.ஏ. வகையால், இளைஞர் சிலருக்கு இதயத்தசை அழற்சி கண்டது உண்மை. அது அரிது, பெரும்பாலும் இலேசானது. நம் நாட்டில் பெருவாரியாகப் போடப்பட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகளில் ஆராய்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசியால் இளைஞரின் திடீர்ச் சாவு கூடவில்லை என்று அது கண்டது. சாவோடு தொடர்புடையவையாக அது கண்டவை எவை தெரியுமா? கொரோனாவுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர்ச் சாவு நேர்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மிதமிஞ்சிக் குடித்தது, அதே 48 மணி நேரத்தில் கடுமையாக உடலை வருத்தியது ஆகியவை. எண்ணிப் பாருங்கள். நோயிலிருந்து எழுந்தவன் தன் உடலை வருத்தக்கூடாது என்பதைத்தானே இதுவும் நினைவூட்டுகிறது!

இப்போது ஓர் இளைஞரின் கதையைக் கேளுங்கள். அல்ஃபோன்சோ டேவிஸ் என்பது அவர் பெயர். உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடிய லைபீரியப் பெற்றோர்க்கு, கானா நாட்டு அகதி முகாமில் பிறந்தவர். கனடாவில் வளர்ந்து, ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணியின் பெரும்புகழ்க் கால்பந்து வீரர் ஆனவர். 2022 ஜனவரியில் அவருக்குக் கொரோனா வந்தது. பின்னர் பரிசோதனையில் இலேசான இதயத்தசை அழற்சி தெரிந்தது. இருபத்தொரு வயது, குதிரை போன்ற கால்கள்! ஆயினும் “ஓடாதே” என்றனர் மருத்துவர். அணியும் “ஓடு” என்று சொல்லவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் ஆட்டக் களத்தில் இறங்காமல் இருந்து, இதயம் தேறிய பின் ஏப்ரல் மாதத்தில் திரும்பி வந்து ஆடினார்.

அவருக்குக் கிடைத்தது அதிசய மருந்தன்று, ஓய்வு! மூன்றிலிருந்து ஆறு மாதம்வரை கடும் உழைப்பு கூடாது என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதை, அவரால் கடைப்பிடிக்க முடிந்தது. குமாரலிங்கபுரத்துத் தொழிலாளியிடம் இதே சொல்லைச் சொன்னால் அவன் சிரிப்பான். “மூன்று மாதமா? மூன்று நாள் உட்கார்ந்தால் யார் கஞ்சி ஊற்றுவார்?” என்பான். அவன் கேள்வியில் தவறில்லை. ஓய்வு என்பது மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பொருளன்று. அது கூலியோடு சேர்த்துத் தரப்படவேண்டிய உரிமை.

அந்த உரிமைக்குச் சட்டம் இல்லையா? உண்டு. 1948இல் பிறந்தது ஈ.எஸ்.ஐ. சட்டம். 1955இல் கோவையில் அத்திட்டம் தமிழ்நாட்டில் கால் வைத்தது. காப்பீடு பெற்ற தொழிலாளி நோயுற்றால், கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்கவேண்டும். 91 நாள் என்றால் மூன்று மாதம்! டேவிஸ் எடுத்துக்கொண்ட அதே மூன்று மாதம்! ஆனால் பதிவேட்டில் பெயரே ஏறாத ஒப்பந்தக் கூலிக்கு, வீட்டுத் தறிக்காரனுக்கு, கரிமூட்டக்காரனுக்கு, மானாவாரிக் காட்டில் களையெடுப்பவளுக்கு அந்தச் சட்டத்தின் நிழல் எங்கே விழுகிறது?

விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமைக்க 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைகளை நாம் வரவேற்கிறோம். வானம் பார்த்த பூமியின் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் ஆலை வாசலிலேயே கேட்டுவிட வேண்டும்: உள்ளே வரும் ஒவ்வொருவன் பெயரும் முதல் நாளே காப்பீட்டில் ஏறுமா? ஒப்பந்தக்காரர் பிடிக்கும் பணம் உரிய இடத்தில் கட்டப்படுமா? காய்ச்சலில் கிடந்தவனை வேலையிலிருந்து நீக்கமாட்டோம் என்று எழுதித் தருவார்களா? கட்டடம் எழும் முன்பே கேட்கவேண்டிய கேள்விகள் இவை. தொழிலாளி விழுந்த பிறகு கேட்டால், அது இரங்கற் கூட்டமாகத்தான் இருக்கும்.

கிளைத் தோழர்களுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. கொடி கட்டும் கையால் தெருவில் திறந்து கிடக்கும் டிரம்களை மூடச் சொல்லுங்கள். படிப்பகத்துப் பலகையில் மேற்சொன்ன அடையாளங்களை எழுதி வையுங்கள். காய்ச்சலிலிருந்து எழுந்த தோழன் மூச்சு வாங்குகிறான் என்றால், அவனுக்குச் சோடா வாங்கித் தராதீர்கள், வண்டியை வரவழையுங்கள். ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அவன் வீட்டு அரிசிப் பானையை நான்கு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். அவன் பெயர் ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

காய்ச்சல் விட்டதும் வேலைக்கு ஓடவேண்டிய நிலை விதியன்று. அது கூலியின் குறை, சட்டத்தின் ஓட்டை. அடைக்கக்கூடிய ஓட்டைதான். அதை அடைக்கும்வரை தொழிலாளியின் நெஞ்சைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.