மலாக்கா ஆற்றங்கரையில் ஒரு நடை



ரிங்லெட் அருகே 1963ஆம் ஆண்டில் அணை கட்டித் தேக்கப்பட்ட ஆற்றின் பெயர் பெர்த்தாம் என்பது தேயிலைத் தோட்ட மக்கள் அறிந்ததே. மலாக்கா நகரம் தோன்றிய ஆற்றையும் செஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் வரலாற்று நூல் பெர்த்தாம் என்றே குறிப்பிடுகிறது. மலையாற்றின் கரையில் வாழ்வோர், கடலோரத்து ஆற்றங்கரையையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டாமா?

இந்தச் சிற்றாற்றின் முகத்துவாரம் ஏன் உலகச் சந்தையாயிற்று? காரணம், காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிய கப்பல்கள் வந்தன. வடகிழக்குக் காற்றில் சீனக் கப்பல்கள் வந்தன. திரும்பிச் செல்லக் காற்று மாறும்வரை வணிகர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்கள் வீடு கட்டினார்கள், கோயில் எழுப்பினார்கள், சிலர் இங்கேயே மணமும் முடித்தார்கள்.

ஆற்றுப் பாலத்தருகே நடையைத் தொடங்கலாம். கிழக்குக் கரையில் டச்சுக்காரர்களின் ஸ்டாட்ஹைஸ் மாளிகையும், 1753இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து தேவாலயமும் செந்நிறத்தில் நிற்கின்றன. குன்றைச் சுற்றிச் சென்றால், 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டையின் வாயில் ஒன்று தெரியும். கோட்டையின் பெரும்பகுதியை ஆங்கிலேயர் பின்னர் இடித்துவிட்டனர். ஆள வந்தவர்களின் கரை இது.

பாலத்தைக் கடந்தால் வணிகர்களின் கரை. பொற்கொல்லர் தெரு எனப் பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸில், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. சில அடிகள் தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதற்கும் அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றையும் பார்க்கப் பத்து நிமிட நடை போதும்.

'கிளிங்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்க்கு மனம் சுருக்கென்கிறது. வசைச்சொல்லாக அது வீசப்பட்டதே காரணம். ஆனால் அது கலிங்கம் என்ற நாட்டுப் பெயரின் திரிபு. ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த மதிப்புமிக்க வணிகர்களைக் குறித்த பெயர்.

நகரின் காஜா பேராங் பகுதியில் மலாக்கா செட்டிகள் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்; வழிபடுவது மாரியம்மனை. தமிழ் நாவிலிருந்து நழுவிய பின்னும் பொங்கலும் முன்னோர் படையலும் அவர்களிடம் நிலைத்திருக்கின்றன. மொழியைக் காத்து வரும் நாம், அவர்கள் முன் பெருமையைவிட எச்சரிக்கையையே கற்க வேண்டும்.

தோட்டத்து லயத்தில்தான் நம் வரலாறு தொடங்கியது என்று எண்ணும் பிள்ளைகளை இந்தத் தெருக்களில் கைபிடித்து நடத்திச் செல்லுங்கள். ரிங்லெட் மலைச்சரிவில் தேயிலை நடப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழர் இந்நாட்டுக் கரையில் இறங்கியதை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டறிவார்கள்.